மெனுவா, ஸ்கிரிப்டா, இரண்டுமா? மைக்ரோஸ்கோப் படங்களை அளக்க எதை எடுப்பது

வருடத்துக்கு நாலைந்து முறையாவது இந்தக் கேள்வி என்னிடம் வந்துவிடும். புதிதாகச் சேர்ந்த ரிசர்ச் ஸ்காலர், கையில் ஒரு பென் டிரைவ், அதில் முந்நூறு நானூறு படங்கள். "அக்கா, இதுல செல் எத்தனை இருக்குன்னு எண்ணணும், ஒவ்வொண்ணோட பரப்பளவும் வேணும். எந்த சாஃப்ட்வேர் போடட்டும்? புரோகிராமிங் எனக்கு வராது." அவர்களுக்கு வேண்டியது ஒரு பெயர், அவ்வளவுதான். நான் பெயரைச் சொல்வதற்கு முன்னால் ஒன்று கேட்பேன்: ஆறு மாதம் கழித்து இதே வேலையை, ஒரே ஒரு சின்ன மாற்றத்தோடு மறுபடி செய்யச் சொன்னால் உன்னிடம் என்ன இருக்கும்?

இதைக் கேட்க ஒரு காரணம் உண்டு. எங்கள் லேபில் ஒரே சமயத்தில் இரண்டு பேர் கிட்டத்தட்ட ஒரே வேலையைச் செய்தார்கள், இருவரும் ஒரே மென்பொருளில், படங்களை அளக்கும் ஃபிஜியில். ஒருத்தி 312 படங்களையும் ஒவ்வொன்றாகத் திறந்து, மெனுவில் போய் பின்னணியைக் கழித்து, ஸ்லைடரை நகர்த்தி, செல்லை எண்ணி, விடையை எக்செலில் ஒட்டினாள். மூன்று வாரம் ஆனது. இன்னொருவன் முதல் படத்தைச் செய்யும்போதே, செய்வதையெல்லாம் கட்டளை வரிகளாக எழுதிக்கொள்ளும் ரெக்கார்டர் ஜன்னலைத் திறந்து பக்கத்தில் வைத்துக்கொண்டான். இருவருடைய கட்டுரையும் ரிவ்யூவரிடமிருந்து திரும்பி வந்தபோது கேள்வி ஏறக்குறைய ஒன்றேதான்: படத்தின் ஓரத்தில் பாதி வெட்டுப்பட்ட செல்களையும் சேர்த்து எண்ணினீர்களா, அவற்றை விட்டுவிட்டால் சராசரிப் பரப்பளவு மாறுகிறதா? நியாயமான கேள்வி. அவன் தன் மேக்ரோவில், அதாவது ரெக்கார்டர் எழுதித் தந்த அந்த வரிகளில், 'எக்ஸ்க்ளூட்' என்ற ஒரே ஒரு சொல்லைச் சேர்த்தான், சாயங்காலம் ஓடவிட்டு வீட்டுக்குப் போனான், காலையில் புதிய அட்டவணை இருந்தது. அவள் முதல் படத்திலிருந்து மறுபடி தொடங்க வேண்டியதாயிற்று. அதுகூடப் பரவாயில்லை. மூன்றாவது வாரத்தில் ஸ்லைடரை எங்கே நிறுத்தினாள் என்பது அவளுக்கே நினைவில்லை, அதனால் ஓரத்தில் வெட்டுப்படாத செல்களின் அளவுகூட பழைய அட்டவணையோடு ஒத்துவரவில்லை. அவள் கவனக்குறைவானவள் இல்லை, எங்கள் லேபிலேயே நோட்டை ஒழுங்காக எழுதுகிறவள் அவள்தான். ரெக்கார்டர் என்று ஒன்று அதே மென்பொருளுக்குள் இருக்கிறது என்று அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. சொல்லியிருக்க வேண்டியவர்கள் நாங்கள்.

அதனால் 'மெனு வேண்டுமா, புரோகிராம் வேண்டுமா' என்று இரண்டாகப் பிரித்துக் கேட்பதே எனக்குச் சரியாகப் படுவதில்லை. நடுவில் ஒரு வகை இருக்கிறது: மெனுவில் கிளிக் செய்தால் வேலை நடக்கும், அந்த வேலை ஒரு கட்டளை வரியாகவும் எழுத்தில் விழும், அந்த வரிகளைச் சேர்த்து வைத்தால் நாளைக்கு ஜன்னலே திறக்காமல் அதே வேலையை ஓட்டலாம். அறிவியல் மென்பொருள்களில் இது புதிய யோசனையும் இல்லை. அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் வேய்ன் ராஸ்பாண்ட் 1987-இல் மேகின்டாஷுக்காக எழுதத் தொடங்கிய 'என்ஐஎச் இமேஜ்' மென்பொருளில் பாஸ்கல் மொழியைப் போன்ற மேக்ரோ வசதி இருந்தது. அதைத்தான் அவர் 1997-இல் ஜாவாவில் புதிதாக எழுதி 'இமேஜ்ஜே' என்று வெளியிட்டார். என்ஐஎச் இமேஜ் தொடங்கிய காலத்தை ஒட்டி, 1988 வாக்கில், பெர்க்லியில் ஜான் ஆஸ்டர்ஹவுட் டிக்கிள் என்ற மொழியை உருவாக்கினார். ஒவ்வொரு மென்பொருளும் தனக்கென்று ஓர் அரைகுறைக் கட்டளை மொழியைக் கண்டுபிடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்து, எல்லாவற்றுக்குள்ளும் பொருத்திக்கொள்ளும்படி ஒரே மொழியாக அதை வடிவமைத்தார். புரத மூலக்கூறுகளைப் பார்க்கிற விஎம்டி இன்றும் டிக்கிளைத்தான் பேசுகிறது. அதே வேலைக்கான கைமெராஎக்ஸில் மெனுவில் எதைத் தொட்டாலும் அதற்கான கட்டளை லாக் பகுதியில் வந்து நிற்கும். பொறியியல் பக்கம் அபாகஸ் சிஏஇ நாம் செய்வதையெல்லாம் பைத்தான் வரிகளாக ஒரு ஃபைலில் எழுதிக்கொண்டே போகும், பலர் அந்த ஃபைலைக் குப்பை என்று நினைத்து அழித்துவிடுகிறார்கள். புள்ளியியல்காரர்களுக்கு எஸ்பிஎஸ்எஸ்ஸில் 'ஓகே' பட்டனுக்குப் பக்கத்திலேயே 'பேஸ்ட்' என்று ஒன்று இருக்கிறதே, அதுவும் இந்த வகைதான்.

சரி, செல் எண்ணும் வேலைக்கு வருவோம். எங்கள் மாதிரி லேபில் நடைமுறையில் நான்கு வழிகள் இருக்கின்றன: ஃபிஜி, செல்புரொஃபைலர், நப்பாரி, அப்புறம் ஜன்னலே இல்லாத முழு பைத்தான் ஸ்கிரிப்ட். நான்கும் இலவசம், அதனால் காசை வைத்து முடிவெடுக்க வேண்டியதில்லை.

ஃபிஜியை முதலில் சொல்கிறேன், ஏனென்றால் நூற்றுக்கு எழுபது பேருக்கு நான் அதைத்தான் சொல்லி அனுப்புகிறேன். அது இமேஜ்ஜேயேதான், உயிரியல்காரர்களுக்குத் தேவையான பிளகின்கள் முன்கூட்டியே சேர்த்து வரும். ஒரு ஃபோல்டராக இறங்கும், விரித்து வைத்தால் ஓடும், இன்ஸ்டால் செய்ய யாரிடமும் பாஸ்வேர்ட் கேட்டு நிற்க வேண்டாம். 'ப்ளகின்ஸ்' மெனுவில் 'மேக்ரோஸ்', அதில் 'ரெக்கார்ட்'. அந்த ஜன்னல் திறந்திருக்கும்வரை செய்வது எல்லாம் வரியாக விழும்.

டாபி சாயம் ஏற்றிய உட்கருக்கள் உள்ள ஒரு படத்தை எடுத்துக்கொள்ளுங்கள், கறுப்புப் பின்னணியில் பளிச்சென்ற புள்ளிகள். படத்தை 8-பிட்டுக்கு மாற்றுகிறீர்கள், ஒரு வரி விழுகிறது. 'சப்ட்ராக்ட் பேக்ரவுண்ட்' கொடுத்து 50 என்று தட்டுகிறீர்கள், அந்த 50-உம் வரியில் இருக்கிறது. 'காஸியன் ப்ளர்', சிக்மா 2. த்ரெஷோல்டுக்கு, அதாவது எவ்வளவு வெளிச்சத்துக்கு மேல் இருந்தால் செல் என்று எடுக்கும் வெட்டுக்கு, ஒட்சு முறை. நொபுயுகி ஒட்சு 1979-இல் வெளியிட்ட அந்தக் கணக்கு படத்தின் ஹிஸ்டோகிராமை (எந்த வெளிச்சத்தில் எத்தனை பிக்சல் என்ற கணக்கை) பார்த்து, எங்கே வெட்டினால் பளிச்சும் இருட்டும் நன்றாகப் பிரிகின்றன என்று தானே கண்டுபிடிக்கும். பிறகு செல்லும் பின்னணியும் மட்டும் உள்ள கறுப்பு வெள்ளைப் படமாக்க 'கன்வர்ட் டு மாஸ்க்', ஒட்டிக்கொண்ட உட்கருக்களைப் பிரிக்க 'வாட்டர்ஷெட்', கடைசியில் 'அனலைஸ் பார்ட்டிகிள்ஸ்'. முடித்துவிட்டுப் பார்த்தால் ரெக்கார்டரில் பத்துப் பன்னிரண்டு வரி இருக்கும். புரோகிராமிங் வராது என்று சொன்னவர் அதைப் படித்துப் புரிந்துகொள்கிறார், ஏனென்றால் தான் இப்போது செய்ததுதான் அங்கே, செய்த வரிசையில், தட்டிய எண்களோடு எழுதியிருக்கிறது. எந்தப் புத்தகமும் இப்படிச் சொல்லித்தராது. அந்தப் பன்னிரண்டு வரியில் 2-ஐ 3 ஆக மாற்றி 'ரன்' கொடுத்துப் பார்க்கும்போது அவர்கள் முகம் மாறுவதை நான் பல தடவை பார்த்திருக்கிறேன்.

ஆனால் ரெக்கார்டரிலிருந்து வந்ததை அப்படியே நம்பி முந்நூறு படத்தின் மேல் விடக் கூடாது. இந்த இடத்தில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ரெக்கார்டர் நீங்கள் செய்ததை மட்டும்தான் எழுதும். நீங்கள் செய்யாமலே ஏற்கெனவே இருந்ததை எழுதாது. திறந்த ஃபைலின் முழு விலாசமும் வரியில் இருக்கும், ஜன்னலின் பெயரும் இருக்கும், அடுத்த படத்துக்குப் போனால் அந்தப் பெயரில் ஜன்னல் இல்லை என்று நின்றுவிடும். இது நல்ல பிழை, ஏனென்றால் நின்றுவிடுகிறது, நமக்குத் தெரிந்துவிடுகிறது. நிற்காமல் தப்பான விடையைக் கொடுத்துக்கொண்டே போகிற பிழைகள்தான் ஆபத்து.

எங்களுக்கு நடந்ததைச் சொல்கிறேன். 'அனலைஸ் பார்ட்டிகிள்ஸ்'-இல் குறைந்தபட்ச அளவு 50 என்று கொடுத்திருந்தோம். படத்தில் ஸ்கேல், அதாவது ஒரு பிக்சல் எத்தனை மைக்ரான் என்ற தகவல், இருந்தால் அந்த 50 என்பது 50 சதுர மைக்ரான், ஸ்கேல் இல்லாவிட்டால் அதே 50 என்பது 50 பிக்சல். மேக்ரோவில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். ஒரு நாள் யாரோ அவசரத்துக்கு ஒரு தொகுதிப் படங்களை மைக்ரோஸ்கோப்பின் சொந்த ஃபார்மட்டில் சேமிக்காமல் ஜேபெக்காக எடுத்து வந்துவிட்டார்கள். ஜேபெக்கில் ஸ்கேல் வரவில்லை. மேக்ரோ ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் ஓடியது. அந்தத் தொகுதியில் மட்டும் செல் எண்ணிக்கை இரண்டு மடங்கு. மருந்து கொடுத்த தொகுதி அது, அதனால் மருந்து வேலை செய்கிறது என்று இரண்டு நாள் சந்தோஷமாக இருந்தோம். பிறகு படத்தின் மேல் எல்லைக்கோட்டைப் போட்டுப் பார்த்தால் தூசியும் சாயத் துணுக்கும் எல்லாம் செல்லாக எண்ணப்பட்டிருந்தன. அன்றிலிருந்து எங்கள் எல்லா மேக்ரோவிலும் ஸ்கேலை நாங்களே கையால் எழுதும் வரி தொடக்கத்திலேயே இருக்கும்.

இதே வகையில் இன்னும் இரண்டு உண்டு. எந்தெந்த அளவுகள் அட்டவணையில் வர வேண்டும் என்று 'செட் மெஷர்மென்ட்ஸ்' ஜன்னலில் டிக் செய்வோம் இல்லையா, அதை இமேஜ்ஜே நினைவில் வைத்துக்கொள்ளும், மூடித் திறந்தாலும் மறக்காது. பதிவு செய்யும்போது அந்த ஜன்னலை நீங்கள் திறக்கவில்லை என்றால் மேக்ரோவில் அது வராது, அடுத்த கணினியில் வேறு பத்திகள் வரும். அதனால் தேவையில்லை என்றாலும் பதிவின்போது அதை ஒரு முறை திறந்து 'ஓகே' கொடுங்கள். அடுத்தது 'பிளாக் பேக்ரவுண்ட்' என்ற அமைப்பு. ரெக்கார்டர் அதற்கு ஒரு வரி எழுதும், 'இது எதற்கு' என்று அழித்துவிடாதீர்கள். அந்த அமைப்பு மாறிக் கிடக்கும் கணினியில் பழைய மாஸ்கைத் திறந்து 'எரோடு' கொடுத்தால் செல் சுருங்குவதற்குப் பதில் பெரிதாகும்.

ஸ்லைடரைக் கையால் இழுத்து த்ரெஷோல்டு வைக்கும் பழக்கத்தையும் விட வேண்டும். அந்த எண் அந்த ஒரு படத்துக்கானது. ஒட்சு மாதிரி ஒரு முறையைப் பெயர் சொல்லிக் கொடுத்தால், படம் கொஞ்சம் மங்கலாக இருந்தாலும் அதற்கேற்ற வெட்டு கிடைக்கும், ரிவ்யூவரிடம் எழுதவும் ஒரு பெயர் இருக்கும்.

இவ்வளவும் சரிசெய்த பிறகு முழு ஃபோல்டருக்கும் ஓட்டுவது எளிது. ஃபிஜியின் ஸ்கிரிப்ட் எடிட்டரில் 'பிராசஸ் ஃபோல்டர்' என்று ஒரு மாதிரி தயாராகவே இருக்கிறது, உங்கள் பன்னிரண்டு வரியை அதன் நடுவில் வைத்தால் போதும். 'பேட்ச் மோட்' வரியைச் சேர்த்தால் படங்கள் திரையில் தோன்றாமலே வேலை நடக்கும், இமேஜ்ஜேயின் ஆவணமே 20 மடங்கு வரை வேகம் கூடும் என்கிறது. இன்னொரு வசதி எனக்கு மிகவும் பிடித்தது: ஸ்கிரிப்டின் தலையில் 'எனக்கு ஒரு ஃபோல்டர் வேண்டும், ஓர் எண் வேண்டும்' என்று இரண்டு வரி அறிவித்துவிட்டால், ஓட்டும்போது ஃபிஜியே அவற்றைக் கேட்கும் ஒரு சின்ன ஜன்னலைக் கட்டிக் கொடுத்துவிடும். மெனுவில் தொடங்கியது ஸ்கிரிப்டாகி, அந்த ஸ்கிரிப்ட் மறுபடி அடுத்தவருக்கு ஒரு ஜன்னலாகிறது. எழுதியவருக்கு மட்டும் புரிகிற ஸ்கிரிப்ட் லேபை விட்டு அவரோடு போய்விடும், இது போகாது.

ஃபிஜியின் குறைகளையும் சொல்லிவிடுகிறேன். எல்லா பிளகினும் ரெக்கார்டரோடு பேசாது. இமேஜ்ஜேயின் வழக்கமான கேள்வி ஜன்னலைப் பயன்படுத்துகிற பிளகின்கள் தானாகவே பதிவாகும், தனக்கென்று சொந்தமாக ஜன்னல் வரைந்துகொண்டவை ஒன்றையும் எழுதாமல் போகலாம். அதனால் ஒரு பிளகினை நம்பி முறையை அமைப்பதற்கு முன் ரெக்கார்டரில் வரி விழுகிறதா என்று பாருங்கள், விழவில்லை என்றால் எவ்வளவு அழகான பிளகினாக இருந்தாலும் நான் வேறு தேடுவேன். ஃபிஜிக்குள் வரும் ஜைத்தான், அதாவது ஜாவாவில் ஓடும் பைத்தான், பைத்தான் 2.7-ஐச் சேர்ந்தது, நம்பை, சைக்கிட் போன்ற பைத்தான் நூலகங்கள் எதுவும் அதில் வராது. திரையே இல்லாத சர்வரில் ஓட்டும்போது படத்தில் குறித்த பகுதிகளைப் பட்டியலிட்டு வைக்கும் ஆர்ஓஐ மேனேஜர் போன்ற சில பகுதிகள் ஜன்னல் வேண்டும் என்று அடம்பிடிக்கும், அங்கே பொய்த்திரை ஒன்றை ஏற்பாடு செய்ய வேண்டியிருக்கும்.

செல்புரொஃபைலர் வேறு மாதிரியாக யோசிக்கிறது. ஆன் கார்ப்பென்டரும் கூட்டாளிகளும் உருவாக்கியது, 2006-இல் கட்டுரையாக வெளியானது, முதலில் மேட்லேபில் இருந்தது, பிறகு பைத்தானுக்கு மாறியது. இதில் ரெக்கார்டர் என்று தனியாக எதுவும் கிடையாது, தேவையும் இல்லை. இடது பக்கம் மாட்யூல்களை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்குகிறீர்கள், அந்த அடுக்கேதான் உங்கள் முறை. சேமித்தால் அது ஓர் எழுத்து ஃபைல், நோட்பேடில் திறந்து படிக்கலாம், கட்டளை வரியிலிருந்து ஜன்னல் இல்லாமலும் ஓட்டலாம். ஃபிஜியில் நான் மேலே சொன்ன 'செய்யாமலே இருந்தது' என்ற வகைப் பிழைகள் இங்கே மிகக் குறைவு, ஏனென்றால் மாட்யூலில் எழுதாத எதுவும் நடப்பதில்லை. 96 குழித் தட்டுகளில் படம் எடுத்து, ஒவ்வொரு குழிக்கும் இத்தனை படம், இந்த மருந்து, இந்த அளவு என்று ஃபைல் பெயரிலிருந்தே பிரித்தெடுக்க வேண்டிய வேலைக்கு இதை மிஞ்ச இந்த நான்கில் வேறு இல்லை என்பேன்.

எங்கே இடிக்கும் என்றால், வேலை நேர்கோட்டில் போகாதபோது. 'இந்தப் படம் இப்படி இருந்தால் இந்த வழி, இல்லாவிட்டால் அந்த வழி' என்று கிளை பிரிய வேண்டுமானால் செல்புரொஃபைலரில் கையைக் கட்டிப்போட்ட மாதிரி இருக்கும். அதோடு முதன்முதலாக ஓட்டுகிறவர்கள் உட்கருவின் விட்டம் 10 முதல் 40 பிக்சல் என்று இருக்கும் தொடக்க மதிப்பை அப்படியே விட்டுவிடுகிறார்கள். உங்கள் படத்தில் ஓர் உட்கரு 90 பிக்சல் இருந்தால் அது பெரிது என்று ஒதுக்கப்படும். முதலில் கோடு போட்டு உங்கள் செல்லை அளந்துவிட்டு அந்தப் பெட்டியை நிரப்புங்கள். கடைசியில் வரும் சிஎஸ்வியில் பத்திகள் நூற்றுக்கணக்கில் போகும், தேவையானதை மட்டும் டிக் செய்யாவிட்டால் அதற்குள் தேடியே ஒரு நாள் போய்விடும்.

நப்பாரிக்கு வந்தால், அது பைத்தானுக்குள்ளேயே பிறந்த படம் பார்க்கும் ஜன்னல். கீழே ஒரு கன்சோல் திறந்து, திரையில் தெரியும் அடுக்கையே நம்பை அணியாகப் பிடித்து என்ன வேண்டுமானாலும் செய்யலாம், செய்ததைத் திரும்ப ஓர் அடுக்காகத் திரையில் போடலாம். முப்பரிமாணப் படம், நேரத்தோடு மாறும் படம், ஆழ்கற்றல் மாடல் கொடுத்த விடையைத் தூரிகையால் திருத்துவது, இவற்றுக்கெல்லாம் நான் இதைத்தான் திறக்கிறேன். மேஜிக்குயி என்ற நூலகத்தோடு சேர்த்தால், சாதாரண பைத்தான் ஃபங்ஷனில் எது எண், எது படம் என்று வகை மட்டும் குறிப்பிட்டால் போதும், ஸ்லைடரும் பட்டனும் உள்ள பலகை தானாக வந்துவிடும். ஆனால் திசையைக் கவனியுங்கள்: ஃபிஜியில் கிளிக்கிலிருந்து ஸ்கிரிப்ட் பிறக்கிறது, நப்பாரியில் ஸ்கிரிப்டிலிருந்து கிளிக் பிறக்கிறது. நப்பாரியோடு இயல்பாக வரும் ரெக்கார்டர் இல்லை. மெனுவில் எதையோ செய்துவிட்டு 'நான் என்ன செய்தேன்' என்று கேட்டால் அது சொல்லாது. புரோகிராமிங் தெரிந்தவருக்கு இது ஒரு பொருட்டே இல்லை, தெரியாதவருக்கு இதுவே வாசலில் ஒரு சுவர். நிறுவுவதும் அப்படித்தான். கான்டா சூழல், க்யூட்டி பதிப்பு என்று முதல் நாளே குழம்பி உட்கார்ந்தவர்களை எழுப்பி விட்டிருக்கிறேன்.

முழு ஸ்கிரிப்ட், அதாவது சைக்கிட்-இமேஜ் என்ற பைத்தான் நூலகம், நோட்புக். இது தெரிந்தவர்கள் என்னிடம் கேட்க வருவதில்லை, அதனால் நீட்டவில்லை. ஒன்றே ஒன்று சொல்ல வேண்டும். ஸ்கிரிப்டில் எல்லாம் எழுத்தில் இருக்கிறது, அதனால் மறைந்த நிலை எதுவும் இல்லை என்று நினைப்பவர்கள் நோட்புக்கில் கட்டளைக் கட்டங்களை (அவற்றுக்கும் 'செல்' என்றுதான் பெயர்) மேலும் கீழுமாக ஓட்டிப் பார்த்தவர்கள் அல்ல. நேற்று அழித்த ஒரு வரி உருவாக்கிய மாறி இன்றும் நினைவகத்தில் உட்கார்ந்திருக்கும். 'ரீஸ்டார்ட் செய்து முழுவதும் ஓட்டு' என்பதைக் கொடுத்துப் பார்க்காமல் எந்த எண்ணையும் கட்டுரையில் எழுதாதீர்கள். அதைவிடப் பெரிய சிக்கல் கண். ஸ்கிரிப்டில் யாரும் படத்தைப் பார்ப்பதில்லை. ஃபோகஸ் தவறிய நாற்பது படங்களையும் அது எண்ணிவிடும், வரும் எண் நம்பும்படியாகவும் இருக்கும். எதைப் பயன்படுத்தினாலும் சரி, ஒவ்வொரு படத்துக்கும் செல் எல்லைக்கோடு வரைந்த ஒரு நகலைச் சேமிக்கச் சொல்லுங்கள், முந்நூறு படமானாலும் வேகமாகப் புரட்டினால் கால் மணி நேரத்தில் பார்த்துவிடலாம், தப்பு இருந்தால் கண்ணில் குத்தும்.

சிமுலேஷன் செய்கிற நண்பர்களுக்காக ஒரு வார்த்தை, ஏனென்றால் அவர்களுக்கு இந்தத் தேர்வு இன்னும் கட்டாயமானது. அவர்கள் தரவு லேப்டாப்பில் இருக்காது, கிளஸ்டரில் இருக்கும், பல நேரம் கீழே இறக்கவே முடியாத அளவில். சிமுலேஷன் தரவைப் படமாகக் காட்டும் பாராவியூ இதற்காகவே பிறந்தது, லாஸ் அலமோஸ் தேசிய ஆய்வகமும் கிட்வேர் நிறுவனமும் சேர்ந்து 2000-இல் தொடங்கி 2002-இல் வெளியிட்டார்கள். 'டூல்ஸ்' மெனுவில் 'ஸ்டார்ட் ட்ரேஸ்' கொடுத்துவிட்டு, ஒரே ஒரு நேரப்படிக்கான சின்னத் தரவை வைத்துக்கொண்டு வெட்டு, சமமதிப்புப் பரப்பு, நிறம், கேமரா கோணம் எல்லாவற்றையும் கண்ணால் பார்த்து அமைத்துக்கொள்ளுங்கள். ட்ரேஸை நிறுத்தினால் பைத்தான் ஸ்கிரிப்ட் கையில். அதை கிளஸ்டரில், பாராவியூவோடு வரும் பிவிபேட்ச் மூலம் எல்லா நேரப்படிகளுக்கும் ஓட்டலாம், ஜன்னல் வேண்டாம். ட்ரேஸ் தொடங்கும்போது எல்லாப் பண்புகளையும் எழுதவா, மாற்றியதை மட்டும் எழுதவா என்று ஒரு கேள்வி வரும். மாற்றியதை மட்டும் என்றே கொடுங்கள், இல்லாவிட்டால் நூற்றுக்கணக்கான வரிகளில் உங்கள் இரண்டு எண் எங்கே என்று தேட வேண்டியிருக்கும். கேமரா கோணத்தைக் கையால் ஸ்கிரிப்டில் எழுதிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்த எண்களை ஊகித்துச் சரியாக வைப்பதற்குள் பொழுது சாய்ந்துவிடும். அதை மௌஸால் திருப்பி ஒரு நிமிடத்தில் பிடித்துவிடலாம். கண்ணுக்கு உரியதைக் கண்ணிடம் விட்டு, திரும்பத் திரும்பச் செய்வதைக் கணினியிடம் விடுவது என்றால் இதுதான்.

மைக்ரோஸ்கோப்போடு கூடவே விற்கப்படும் மென்பொருள் பற்றிக் கேட்பவர்களுக்கும் இதையே சொல்வேன். சிலவற்றில் நல்ல மேக்ரோ வசதி இருக்கிறது, சிலவற்றில் பட்டன் மட்டும்தான், அதற்குப் பின்னால் என்ன கணக்கு என்றே தெரியாது. லைசென்ஸ் ஒரே கணினியில் கட்டப்பட்டிருந்தால், அந்தக் கணினிக்கு முன்னால் வரிசையில் உட்கார்ந்து நேரம் போவதையும் கணக்கில் சேருங்கள். வாங்கும் முன் பத்து நிமிடம் கேட்டு வாங்கி ஒரு சோதனை செய்யுங்கள்: ஒரு படத்தை முதலிலிருந்து கடைசிவரை அளந்துவிட்டு மென்பொருளை மூடிவிடுங்கள். மறுபடி திறந்து, இப்போது செய்த அதே வேலையை, ஓர் எண்ணை மட்டும் மாற்றி, இரண்டாவது படத்தின் மேல் செய்யச் சொல்லுங்கள். விற்பனைக்கு வந்தவர் மறுபடி முதல் மெனுவிலிருந்து கிளிக் செய்யத் தொடங்கினால், உங்களுக்குப் பதில் கிடைத்துவிட்டது.

ஆக, என்னிடம் வருபவர்களை நான் இப்படித்தான் பிரிக்கிறேன். தட்டையான படம், சில நூறு எண்ணிக்கை, புரோகிராமிங் தெரியாது என்றால் ஃபிஜி, முதல் நாளே ரெக்கார்டர் திறந்த நிலையில். குழித் தட்டு, ஆயிரக்கணக்கில் படங்கள், எல்லாம் ஒரே மாதிரி என்றால் செல்புரொஃபைலர், தொடக்கத்தில் இரண்டு நாள் கூடப் போனாலும் பரவாயில்லை. முப்பரிமாணமோ ஆழ்கற்றலோ வந்துவிட்டால் பைத்தான் கற்றுக்கொண்டே தீர வேண்டும், அப்போது நப்பாரி. இதில் எனக்குத் தயக்கம் உள்ள இடமும் ஒன்று இருக்கிறது. ஃபிஜியில் தொடங்கி மேக்ரோ முந்நூறு வரியைத் தாண்டிப் போகிறவர்கள் எப்போது பைத்தானுக்கு மாற வேண்டும் என்பது. பாதியில் மாறினால் பழைய எண்களும் புதிய எண்களும் துல்லியமாக ஒத்துவராமல் போகலாம், 16-பிட் படத்துக்கு ஹிஸ்டோகிராமை எத்தனை கட்டமாகப் பிரிக்கிறார்கள் என்பதிலேயே ஒட்சுவின் வெட்டு கொஞ்சம் நகரும். அதனால் ஓடிக்கொண்டிருக்கும் ஆய்வின் நடுவில் மாற வேண்டாம், அடுத்த ஆய்வில் மாறு என்பதே என் பதிலாக இருந்து வருகிறது.

மூன்று வாரம் கையால் செய்த அந்தப் பெண் இரண்டாவது முறை செய்தபோது என் பக்கத்து மேஜையில்தான் உட்கார்ந்தாள். ரெக்கார்டரைத் திறந்து வைத்து ஒரு படத்தை மெதுவாகச் செய்தோம், ஸ்கேல் வரியை மேலே சேர்த்தோம், விலாசத்தையும் ஜன்னல் பெயரையும் எடுத்துவிட்டோம், எல்லைக்கோட்டுப் படத்தைச் சேமிக்கும் வரியைக் கடைசியில் போட்டோம். மதியச் சாப்பாட்டுக்கு முன் முடிந்தது. சாப்பிட்டுவிட்டு வந்து 312 எல்லைக்கோட்டுப் படங்களையும் அவளே புரட்டிப் பார்த்தாள், ஏழு படங்களைத் தள்ளினாள், ஏன் தள்ளினாள் என்று ஒவ்வொன்றுக்கும் எழுதினாள். மேக்ரோவைக் கட்டுரையோடு இணைப்பாக அனுப்பினோம். அதன் முதல் வரியில் ஃபிஜியின் பதிப்பு எண்ணும் தேதியும் இருக்கின்றன, அந்த ஃபிஜி ஃபோல்டரையே சுருக்கி, தரவு இருக்கும் ஹார்ட் டிஸ்க்கில் படங்களுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறாள்.